பல்பு எரிந்தது, எர்த் இல்லை

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டு டிபி பாக்ஸில் (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், இப்போது விழாமல் நிற்கிறது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் டக்கென்று விழுகிறது, தூக்கிவிட்டால் நிற்கிறது. இந்த நிலைக்கு வர ஒரு கோடை முழுக்கப் போனது. வாசலில் ஒரு குழி, பக்கச் சந்தில் ஒரு நீளப் பள்ளம், பதினாறாயிரத்துச் சொச்சம் ரூபாய். நம் பக்கத்துப் பாறை நிலத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வீடு 1990-களில் கட்டியது. 30-க்கு 60 மனை, சிங்கிள் பேஸ். மெயின் சுவிட்ச், அதன் பின் சில எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்), அப்புறம் பிற்காலத்தில் சேர்ந்த ஒரு இன்வெர்ட்டர். அவ்வளவுதான் ஏற்பாடு. ஆர்சிசிபி கிடையாது.

முதலில் வந்தது வாஷிங் மெஷின் புகார். ஈரக் கையோடு மூடியைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். டெஸ்டர் வைத்தால் பாடியில் மங்கலாக எரிந்தது. மல்டிமீட்டரில் பாடிக்கும் ஈரத் தரைக்கும் நடுவே 100 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மெஷின் போச்சு என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டோம். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார், எர்த்தைப் பாருங்க" என்று சொல்லி, விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அவர் சொன்னது சரி. இந்த மெஷின்களுக்குள் இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கும். அதன் கெப்பாசிட்டர்களில் ஒன்று பேஸுக்கும் பாடிக்கும் நடுவே, இன்னொன்று நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவே. எர்த் இருந்தால் அந்தச் சின்னக் கசிவு மண்ணுக்குப் போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. எர்த் அறுந்திருந்தால் பாடி 230-ல் பாதியில், 115 வோல்ட் பக்கத்தில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு நின்றுவிடும். ஆனால் நாளைக்கு அதே மெஷினில் மோட்டார் ஒயர் உரசி பாடியில் பட்டால் அப்போதும் போக வழி இருக்காது. அதனால் சுள்ளென்றால் செருப்பு போட்டுக்கொண்டு துவைப்பது தீர்வு ஆகாது.

அந்த சாக்கெட்டைக் கழற்றினோம். எர்த் ஒயர் டிபிக்குப் போகவே இல்லை. சுவருக்குள் போய் பாத்ரூம் குழாயின் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் சுற்றிக் கட்டியிருந்தது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இதுதான் வழக்கம், பைப் மண்ணுக்குள் போகிறது அல்லவா என்ற கணக்கு. சில வருஷம் முன் பைப் லைனை எல்லாம் சிபிவிசி பிளாஸ்டிக்குக்கு மாற்றினோம். பிளம்பர் ஜிஐ பைப்பை வெட்டி எடுத்தபோது எர்த்தும் கூடவே போய்விட்டது. ஒயர் மட்டும் சுவருக்குள் ஒரு சாணளவு செத்த பைப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தது. வீட்டில் ஜிஐ பைப்பை மாற்றியவர்கள் யாராக இருந்தாலும் பாத்ரூம், சமையலறை சாக்கெட்டுகளை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

புது எர்த் ஒயர் இழுத்து டிபியில் எர்த் ஒயர்கள் ஒன்றுசேரும் கட்டையில் சேர்த்ததும் சுள் நின்றது. எலக்ட்ரீஷியன் தம்பி ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, ஒரு முனையை பேஸிலும் மறு முனையை எர்த்திலும் வைத்துக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. "எர்த் சூப்பர் சார்." நானும் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டியது.

முடிக்க விடாதவன் என் மச்சான். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறான். "மாமா, பல்பு எரிஞ்சா எர்த் இருக்குன்னு இன்னா அர்த்தம்? 100 வாட் பல்போட ரெசிஸ்டன்ஸே 529 ஓம். எர்த்துல அம்பது அறுபது ஓம் இருந்தாலும் அதுக்கு உறைக்காது" என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித்தான். எர்த் 64 ஓம் என்று வையுங்கள், பல்புக்கு 205 வோல்ட் கிடைத்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சிலர் பல்புக்குப் பதில் அயர்ன் பாக்ஸை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதைச் செய்யவே கூடாது. 1000 வாட் அயர்ன் பாக்ஸை அதே 64 ஓம் எர்த்தில் கோர்த்தால் எர்த் ஒயரில் 126 வோல்ட் ஏறி நிற்கும், வீட்டில் உள்ள ஃபிரிட்ஜ், கிரைண்டர், மெஷின் எல்லாவற்றின் பாடியிலும் அது வரும்.

அடுத்த ஞாயிறு எர்த் டெஸ்டரோடு வந்தான். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த மே மாதம். எர்த் அளக்க அதைவிடச் சரியான நேரம் கிடையாது என்பது அவன் கட்சி. மழைக்காலத்தில் எந்தக் குழியும் நல்ல பெயர் வாங்கிவிடும். வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில். ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோட்டைக்குள் இருக்கும் தன் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், பாலாறும் 2021 நவம்பரில் கரை புரண்டு காட்டியது. ஆனால் மே மாதத்து மண் மட்டும் மாறவில்லை. அந்த மண்ணில் தேறினால்தான் எர்த்.

எர்த் குழி எங்கே என்று தேடுவதே ஒரு வேலை ஆனது. வாசலில் டைல்ஸ் போட்டபோது அதன் மேலேயே போட்டு மூடியிருக்கிறார்கள். இரண்டு டைல்ஸை உடைத்த பிறகு ஜிஐ பைப்பின் வாய் தெரிந்தது. பல வருஷமாக அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. கிளாம்ப் துருப்பிடித்து, கையால் அசைத்தால் ஆடியது.

அளக்கும் முறை எளிது. குழியிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் மெயின் ஆஃப், இன்வெர்ட்டரும் ஆஃப். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் நிற்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் பக்கத்துக் காலி மனையில் 25 மீட்டர் தள்ளி ஒரு ஸ்பைக், அதே நேர்கோட்டில் 62 சதவீத தூரத்தில், அதாவது பதினைந்தரை மீட்டரில், இன்னொரு ஸ்பைக். மண் காய்ந்து கிடந்ததால் ஸ்பைக் அடித்த இடத்தில் ஒரு சொம்பு தண்ணீர். நடு ஸ்பைக்கை ஒரு மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தோம், அளவு பெரிதாக மாறக் கூடாது. மாறவில்லை. 64 ஓம்.

64 ஓம் என்றால் என்ன? கீசரின் பாடியில் பேஸ் பட்டால் எர்த் வழியாக ஓடக்கூடியது 230-ஐ 64-ஆல் வகுத்தால் வரும் 3.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண மிக்ஸி ஓடுகிற மாதிரி. விழாது. பாடி 230 வோல்ட்டில் நிற்கும், யாராவது தொடும் வரை.

உப்பு கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். செய்து பார்த்தோம். 64 என்பது 41 ஆனது. சில நாளில் மண் காய்ந்ததும் ஐம்பதைத் தாண்டியது. உப்பு தண்ணீரோடு கரைந்து இறங்கிவிடும், போகிற போக்கில் பைப்பையும் அரித்துவிட்டுப் போகும். அந்தப் பழைய பைப்பைப் பிறகு வெளியே எடுத்தபோது அடிப்பாகம் முறுக்கு நொறுங்குவது போல் கையோடு வந்தது.

புதுக் குழிக்கு நான் போட்ட திட்டம், எர்த்திங்குக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 3043-ல் சொன்ன வழக்கமான குழி: 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப், இரண்டரை மீட்டர் நீளம், கட்டிடச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி. கேட் ஓரத்தில் இடம் இருந்தது. பைப்பை லாங் பஜார் பக்கம் வாங்கி வந்தாயிற்று. தோண்ட இரண்டு பேர். முதல் இரண்டரை அடி மனை மேடாக்கக் கொட்டிய செம்மண், வெண்ணெய் மாதிரி இறங்கியது என்று சொல்ல ஆசை, ஆனால் வெயிலில் அதுவும் ஓடாக இறுகிக் கிடந்தது. அதற்குக் கீழே சரளை. ஐந்தடியில் கடப்பாரை "ணங்" என்றது.

"அண்ணா, இதுக்கு மேல இறங்காதுண்ணா. கீழ கல்லு."

மனையின் பின்மூலையில் தோண்டிப் பார்த்தோம், அங்கே நாலரை அடியிலேயே கல். மலையடிவாரத்தில் மனை வாங்கியதன் பலன். போர் வண்டி வைத்து ஓட்டை போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், வண்டி வந்து நிற்கும் காசுக்கு இன்னொரு வீட்டுக்கே எர்த் போட்டுவிடலாம். போர்வெல் கேசிங்கில் கட்டலாம் என்றார் இன்னொருவர். எங்களுடையது பிவிசி கேசிங்.

வழி ஐஎஸ் 3043-லேயே இருக்கிறது. ஆழம் கிடைக்காத இடத்தில் நீளம். 25-க்கு 4 மில்லிமீட்டர் ஜிஐ பட்டை, குறைந்தது 15 மீட்டர், அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் படுக்கையாகப் புதைப்பது. வீட்டுப் பக்கச் சந்து மூன்றடி அகலம், 60 அடி நீளம். காம்பவுண்ட் சுவரை ஒட்டிப் பள்ளம் எடுத்தால் வீட்டு அஸ்திவாரத்தைத் தொட வேண்டியதில்லை. இருபது அங்குல ஆழம் என்பதால் கல்லும் குறுக்கே வரவில்லை. குறுக்கே வந்தது டிரெயினேஜ் பைப். கடப்பாரை நாலு அங்குல பிவிசியில் இறங்கி, அன்று மாலை வரை வீட்டில் யாரும் குளிக்க முடியவில்லை. கப்ளிங், சொல்யூஷன் எல்லாம் சேர்த்து ₹250. தோண்டும் முன் டிரெயினேஜ் எங்கே ஓடுகிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தால் இது மிச்சம்.

பட்டையை வாங்கும்போது எடை பார்த்து வாங்குங்கள். 25-க்கு 4 பட்டை ஒரு மீட்டர் சுமார் 785 கிராம் இருக்க வேண்டும். முதல் கடையில் 25-க்கு 3-ஐ எடுத்து 4 என்றே பில் போட்டார்கள், தராசில் வைத்ததும் தெரிந்தது. 18 மீட்டர், 14 கிலோ சொச்சம் வந்தது.

கேட் ஓரக் குழியில் இரண்டரை மீட்டர் பைப்பை ஒன்றரை மீட்டராக அறுத்து நிறுத்தினோம். சுற்றிலும் கரியோ உப்போ போடவில்லை. பென்டோனைட் 25 கிலோ மூட்டை இரண்டு. இது தண்ணீரை உறிஞ்சி ஊதி, வெகுநாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஒருவகைக் களிமண். கூழ்ப் பதத்தில் கரைத்து ஊற்றினோம். ஒரு மூட்டை குழிக்கு, மறு மூட்டை பட்டையின் மேல் பரவலாக. அதற்கு மேல் சலித்த மண்ணை மட்டும் போட்டு, தண்ணீர் விட்டு, மிதித்து இறுக்கினோம். தோண்டியபோது வந்த சரளையைத் திரும்பக் கொட்டக் கூடாது, கல்லுக்கும் பட்டைக்கும் இடையில் காற்றுதான் இருக்கும்.

பட்டையின் முனையும் பைப்பும் ஒரே இன்ஸ்பெக்‌ஷன் தொட்டியில் போல்ட்டில் சேர்கின்றன. அங்கிருந்து 6 ஸ்கொயர் எம்எம் பச்சை காப்பர் ஒயர், பைப்புக்குள், டிபி வரை. காப்பரும் ஜிஐயும் நேராகத் தொட்டால் ஈரத்தில் அரிக்கும், அதனால் ஒயர் முனையில் வெள்ளீயம் பூசிய லக், ஸ்டெயின்லெஸ் போல்ட், மேலே கிரீஸ். தொட்டிக்கு மூடி வைத்தேன். மூடி மேல் டைல்ஸ் போட மாட்டேன்.

மறுபடி அளவு. பைப் மட்டும் 31 ஓம். பட்டையைச் சேர்த்து அளக்க 25 மீட்டர் போதாது, ஸ்பைக் பட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தால் அளவு பொய் சொல்லும். தெருவோரமாக 70 மீட்டர் வரை ஒயர் இழுத்து, நடு ஸ்பைக்கை 43 மீட்டரில் அடித்தோம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் சர்வே எடுக்கிறீர்களா, ரோடு அகலமாகிறதா என்று கேட்டார்கள். 11 ஓம் வந்தது.

எலக்ட்ரீஷியன் தம்பிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஓமுக்குக் கீழே வர வேண்டும், இன்னும் இரண்டு குழி போடலாம் என்றார். அது சப்ஸ்டேஷன் கணக்கு. வீட்டுக்கு நான் பார்த்த கணக்கு வேறு. 11 ஓமில் 21 ஆம்பியர்தான் ஓடும், 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது, விழாமலேகூடப் போகலாம். சரி, படாதபாடு பட்டு 2 ஓம் கொண்டுவந்தால்? 115 ஆம்பியர். சி டைப் 16 ஆம்பியர் எம்சிபி கண்டிப்பாக நொடியில் விழுவதற்கு 160 ஆம்பியர் வேண்டும். ஆக எர்த்தை மட்டும் நம்பி எம்சிபியை விழவைப்பது நம் ஊர் நிலத்தில் நடக்காத காரியம். அதே 11 ஓமோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சேர்ந்தால், பாடியில் அரை வோல்ட்கூட ஏறும் முன் கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டுவிடும். இன்னும் இரண்டு குழிக்கான பணத்தை ஆர்சிசிபியில் போட்டேன்.

40 ஆம்பியர், டபுள் போல், 30 மில்லி ஆம்பியர். ₹2,200. இது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழாது, அதற்கு எம்சிபி வேண்டும். பேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கும். வரவில்லை என்றால், வேறு எங்கோ, ஒருவேளை ஒரு ஆளின் உடம்பு வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று துண்டிக்கும்.

மாட்டினோம். தூக்கினோம். விழுந்தது.

"இது பழைய வயரிங்குக்கு ஒத்து வராது சார், கழட்டிடலாம்" என்றார் தம்பி. எத்தனையோ வீடுகளில் இந்த இடத்தில்தான் ஆர்சிசிபி கழற்றப்பட்டிருக்கிறது, அல்லது மாட்டிய மாதிரியே இருக்கும், பின்னால் ஒயர் போட்டு பைபாஸ் ஆகியிருக்கும். நாங்கள் கழற்றவில்லை. எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டுத் தூக்கினோம். சில நிமிஷம் நின்று, மறுபடி விழுந்தது. மாலையில் அதிகம் விழுந்தது. எல்லாம் ஆஃப் ஆன பிறகும் எப்படி விழும் என்று வெகு நேரம் மண்டையைக் குடைந்தோம். பேஸ் லைன்களையே சந்தேகப்பட்டு ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸாகத் திறந்ததில் ஒரு பகல் வீண்.

விடை எளிது. சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எல்லாம் கட்டையில் இணைந்தபடியே இருக்கும். வீட்டுக்குள் எங்கேயாவது நியூட்ரல் எர்த்தைத் தொட்டால், எம்சிபி ஆஃபில் இருந்தாலும் தெரு நியூட்ரலில் இருக்கும் சில வோல்ட், நம் வீட்டு எர்த் வழியாக ஓடும். 3 வோல்ட் இருந்தாலே 11 ஓமில் 270 மில்லி ஆம்பியர். மாலையில் தெருவில் ஏசிகள் ஓட ஆரம்பித்ததும் நியூட்ரல் வோல்ட் ஏறும், அதனால்தான் மாலை விழுதல்.

மெயினையும் இன்வெர்ட்டரையும் இறக்கி, வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்கி, நியூட்ரல் கட்டையிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கழற்றும்போதே டேப் ஒட்டி எழுதி வைத்தது உருப்படியான காரியம். ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் மெகர் (ஒயரின் இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்தோம். மற்றதெல்லாம் மெகா ஓம் கணக்கில் காட்டியபோது சமையலறை லைன் மட்டும் பூஜ்யம்.

ஃபிரிட்ஜ் சாக்கெட். அதன் உள்ளே நியூட்ரல் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே இரண்டு அங்குல ஒயர்த் துண்டு. என்றோ யாரோ ஃபிரிட்ஜில் ஷாக் அடிக்கிறது என்றபோது நியூட்ரலையே எர்த்தாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஷாக் நின்றிருக்கும், கூலியும் வாங்கியிருப்பார். அந்தத் துண்டு வழியாக எங்கள் வீட்டு எர்த் முழுவதும் நியூட்ரலோடு கோர்த்துக் கிடந்திருக்கிறது. காற்றிலோ துருவிலோ ஈபி லைனில் நியூட்ரல் அறுந்திருந்தால், வீட்டில் எரியும் ஏதோ ஒரு பல்பின் வழியாகவே வந்து, இரும்பாலான எல்லாப் பொருளின் பாடியிலும் பேஸ் ஏறியிருக்கும். அன்று 100 வாட் பல்பு பளிச்சென்று எரிந்தது எர்த்தால் இல்லை. அது நியூட்ரலில் எரிந்திருக்கிறது.

துண்டை எடுத்ததும் ஆர்சிசிபி நின்றது. இன்வெர்ட்டரை ஆன் செய்து ஹால் லைட்டைப் போட்டதும் விழுந்தது. இது கொஞ்சம் சீக்கிரம் பிடிபட்டது. இன்வெர்ட்டருக்கான பேஸை மெயின் சுவிட்சிலிருந்தே, ஆர்சிசிபிக்கு முன்னால் எடுத்திருந்தோம். திரும்பும் நியூட்ரல் மட்டும் ஆர்சிசிபிக்குப் பின்னால் உள்ள கட்டைக்கு வந்தது. 9 வாட் எல்ஈடி பல்பு ஒன்றே சுமார் 40 மில்லி ஆம்பியர் எடுக்கும், அது போதும். இன்வெர்ட்டர் இன்புட்டை ஆர்சிசிபிக்குப் பின்னால் மாற்றியதும் சரியானது.

கடைசி ஆள் கீசர். ஆன் செய்து பத்து நிமிஷம் நன்றாக ஓடும், தண்ணீர் சூடேறியதும் விழும். எலிமென்ட்டைக் கழற்றினோம். நம் போர் தண்ணீரின் சுண்ணாம்பு சுண்டுவிரல் கனத்துக்கு வெள்ளையாகப் படிந்து, அதன் கீழே உறையில் மயிரிழை விரிசல். மெகரில் மெகா ஓம் வர வேண்டிய இடத்தில் கிலோ ஓம். இத்தனை நாள் அந்தக் கீசரில்தான் எல்லோரும் குளித்தோம், அதுவும் 64 ஓம் எர்த்தோடு. எலிமென்ட், டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரையும் மெக்னீசியம் ராடு, கேஸ்கெட் சேர்த்து ₹950. ராடு பென்சில் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. நம் தண்ணீருக்கு வருஷம் ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பள்ளம், குழி தோண்டிய கூலி ₹3,600, பட்டை ₹1,600, பைப் ₹1,100, பென்டோனைட் ₹1,200, தொட்டி மூடி ₹450, காப்பர் ஒயர் ₹1,900, லக், போல்ட் ₹200, எலக்ட்ரீஷியன் கூலி ₹3,000. ஆர்சிசிபியும் கீசர் சாமானும் மேலே சொன்னவை. உடைந்த டிரெயினேஜ் தனி. மச்சானுக்கு ஆம்பூர் பிரியாணி, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுபடி செய்தால் முதலில் ஆர்சிசிபியை மாட்டுவேன், பிறகுதான் குழி. அது விழுந்து விழுந்தே வீட்டின் குறைகளை எல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். எர்த்தே சரியில்லாத வீட்டிலும் ஒரு ஆள் பேஸைத் தொட்டால் அது விழும் என்பதால் காத்திருக்கக் காரணமும் இல்லை. வாங்குவதும் ஏ டைப்பாக இருக்கும். நான் வாங்கியது ஏசி டைப், அது ஏசி கரண்ட் கசிவை மட்டும் பார்க்கும். இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் போன்ற எலக்ட்ரானிக்ஸ் உள்ள சாமான்களின் துடிப்பான டிசி கசிவையும் ஏ டைப் பிடிக்கும், விலை கொஞ்சம் கூட. இன்னொன்று, டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அழுத்துங்கள். ஆனால் அது விழுந்தால் ஆர்சிசிபி நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும்.

குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிடுவோம் என்று தெரியும், அதனால் ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீர்க் குழாயை இன்ஸ்பெக்‌ஷன் தொட்டிக்கே நீட்டிவிட்டேன். உப்பு கொஞ்சம் கூடுதலான தண்ணீர், செடிக்கு ஆகாது, ஆனால் குழியில் உப்பையே கொட்டுகிற அளவு இல்லை, எர்த்துக்குக் கசக்காது. நவம்பர் மழையில் அளந்தபோது 5 ஓம். அடுத்த மே மாதம் மறுபடி அளந்தோம், 10. பாக்கி இருப்பது இன்வெர்ட்டர் லைன்களுக்குத் தனியாக ஒரு 25 ஆம்பியர் ஆர்சிசிபி. டிபியில் இடம் இல்லை, பெட்டியை மாற்ற வேண்டும். பெட்டியோடு சேர்த்து நாலாயிரம் ஆகும் என்கிறார் தம்பி. இந்தத் தடவை அவரே ஏ டைப் கேட்டு வாங்கச் சொன்னார்.